'இன்டெக்ரிட்டி' என்றால் நேர்மை மட்டும்தானா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆலையில் எல்லாரும் 'இக்ரார் இன்டெக்ரிதி'யில், அதாவது மலாயில் எழுதிய இன்டெக்ரிட்டி உறுதிமொழியில், கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு, அதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் 'நேர்மை' என்று எழுதினீர்கள். காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நேர்மைதான்னா அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை?" என்று கேட்டுவிட்டார். கூடவே, பயிற்சிக்கு வந்தவர் சொன்ன ரோமானியப் படைவீரர் கதை உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: இந்தச் சொல்லுக்குள் நேர்மையைவிட அதிகமாக ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதற்கு நம் பேச்சில் ஏற்கெனவே சொல் உண்டா? முதல் கேள்விக்கு ஆமாம் என்பது என் பதில். இரண்டாவதற்குப் பாதிதான் ஆமாம் சொல்ல முடியும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பேராக்கில் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் தமிழ் மலாய் ஜுருபாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லத்தீனை முறையாகப் படித்ததில்லை. வழக்கறிஞர்கள் வாயில் வரும் லத்தீன் தொடர்களைப் புரிந்துகொள்ள அகராதிகளோடு உட்கார்ந்து பழகியதுதான். அதனால் லத்தீன் பகுதியில் எல்லா அகராதிகளும் ஒத்துப்போகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தமிழ்ப் பகுதியும் தோட்டத்துப் பேச்சும் நானே வருஷக்கணக்காகக் கையாண்டவை, அங்கே என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

சந்தேகமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'இன்டெகெர்' என்று ஒரு சொல். 'இன்' என்றால் இல்லாத, பின்பகுதி 'தொடு' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஆக, தொடப்படாதது. கை படாதது, குறைபடாதது, அப்படியே முழுசாக இருப்பது. படிவம் ஒன்றில் கணிதப் பாடத்தில் 'இன்டெஜெர்' படித்திருப்பீர்களே, தமிழ்ப்பள்ளியில் முழு எண் என்று சொன்னார்களே, அது இதே சொல்தான், பின்னமாக உடையாத எண். டேன்ஜென்ட், கான்டாக்ட் எல்லாம் அதே 'தொடு' குடும்பத்துப் பிள்ளைகள். இந்த 'இன்டெகெர்' என்ற அடைமொழியிலிருந்து 'முழுமை' என்ற பொருளில் 'இன்டெக்ரிடாஸ்' பிறந்து, பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் முதலில் இருந்த பொருள் முழுமை. ஒழுக்கத்தைக் குறிக்கும் பொருள் அங்கே பரவலானது 16ஆம் நூற்றாண்டில். ஆனால் ரோமானியர்களே மனிதரின் குணத்துக்கும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சிசிலித் தீவைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரெஸ் மீது கி.மு. 70இல் வழக்கு நடத்திய சிசரோவின் எழுத்துகளில் இந்தப் பொருள் வருகிறது. கவிஞர் ஹோரஸ் ஒரு பாட்டை 'வாழ்க்கையில் முழுமையானவன், குற்றமற்றவன்' என்று இதே சொல்லை முன்னால் வைத்துத்தான் தொடங்குகிறார்.

எனக்கு இந்தச் சொல் நன்றாகப் பிடிபட்டது நீதிமன்றத்தில். 'ரெஸ்டிடூஷியோ இன் இன்டெக்ரும்' என்று ஒரு சட்டத் தொடர் உண்டு, விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அடிக்கடி வரும். மோட்டார் சைக்கிளில் போன ஆளை லோரி இடித்து, கால் போய்விட்டது என்று வையுங்கள். பணத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு, அடிபடுவதற்கு முன் அவர் எப்படி இருந்தாரோ அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தத் தொடரின் கருத்து. போன கால் வராது, அது நீதிபதிக்கும் தெரியும். ஆனால் அளவுகோல் 'முன்பு இருந்த முழு நிலை'. இந்த இடத்தில் 'நேர்மை' என்று யாரும் மொழிபெயர்க்க முடியாது. அதே சொல், அதே வேர், முழுமை என்ற பொருளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் ஆலையிலேயே பார்க்கலாம். குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் இருக்கிறதே, அதைச் சோதிக்க வரும் ஆட்கள் அறிக்கையில் அதன் 'இன்டெக்ரிட்டி' பற்றி எழுதுவார்கள். கதவு, வெல்டிங், தகடு எங்கும் விரிசலோ அரிப்போ இல்லாமல் அழுத்தத்தைத் தாங்குமா என்பது அங்கே கேள்வி. நூறு இடம் நன்றாக இருந்து ஓர் இடத்தில் வெடிப்பு இருந்தால் அந்தக் கலத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் போடுவதில்லை, நிறுத்திவிடுவார்கள். நாடுகளுக்கும் இந்தச் சொல் வருகிறது. இந்திய அரசியலமைப்பின் முகவுரையில் 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக 'யூனிட்டி'யோடு 'இன்டெக்ரிட்டி'யையும் சேர்த்தார்கள், அதைத் தமிழில் ஒற்றுமை, ஒருமைப்பாடு என்கிறோம். நாடு என்றால் ஒருமைப்பாடு, ஆள் என்றால் நேர்மை என்று தமிழ் ஒரு சொல்லை இரண்டு அறையில் வைத்துவிட்டது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற 'முழுசு' என்ற பொருள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உங்கள் அப்பாவுக்கு வந்த சந்தேகத்தின் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் படைவீரர் கதை. அணிவகுப்பைச் சோதிக்கும் அதிகாரி முன்னால் வந்து நின்றதும் வீரன் தன் மார்புக் கவசத்தைக் குத்தி 'இன்டெக்ரிடாஸ்' என்று கத்துவான், சத்தத்தை வைத்துக் கவசம் பழுதில்லை என்று அதிகாரி தெரிந்துகொள்வார் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் பயிற்சிக்குப் பயிற்சி பரவுகிறது. ரோமானிய எழுத்தாளர்கள் யாரிடமும் இது இல்லை. ரோமானியப் படையின் நடைமுறைகளைப் பக்கம் பக்கமாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இரவுக் காவல் எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்கிறார்: ரோந்து போகிறவர் ஒவ்வொரு காவலிடத்திலும் ஒரு சின்னப் பலகையை வாங்கிக்கொண்டு போக வேண்டும், காலையில் பலகை ஒன்று குறைந்தால் எந்த இடத்துக் காவலன் தூங்கினான் என்று கண்டுபிடிப்பார்கள், தண்டனை கடுமையானது. பயிற்சியில் சொல்ல ஓர் உண்மைக் கதை வேண்டுமென்றால் இது போதும். 'சின்சியர்' என்ற சொல் 'மெழுகில்லாத' என்பதிலிருந்து வந்தது, விரிசலை மெழுகு வைத்து மறைக்காத சிலை அது என்று இன்னொரு கதையும் அதே பயிற்சிகளில் வரும். அதையும் அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை.

நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. உள்ளத்தால் பொய்யாமை உண்மை, வாயால் பொய்யாமை வாய்மை, உடம்பால் பொய்யாமை மெய்மை என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அறிவுரையாக அது மிக நல்ல அறிவுரை, எண்ணமும் பேச்சும் செயலும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறது, இன்டெக்ரிட்டிக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் சொற்பிறப்பு என்று பார்த்தால் 'உண்மை'க்கு 'உள்ளது' என்பதுதான் அடிப்படை, இன்மைக்கு எதிர்ச்சொல்லாகப் பழைய நூல்களில் வருவது அதனால்தான். அறிவுரையை வைத்துக்கொள்ளலாம், அதை வேர் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

மலேசியாவில் இந்தச் சொல் எப்படி உங்கள் மேசைக்கு வந்தது என்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 1982இல் மகாதீர் அரசாங்கம் 'பெர்சே, செக்காப், அமானா' என்று ஓர் இயக்கம் நடத்தியது, சுத்தம், திறமை, நம்பகம் என்று நாங்கள் அப்போது தமிழில் சொல்வோம். அன்றைக்கு மேடைச் சொல் 'அமானா'தான். 2004இல் அப்துல்லா படாவி காலத்தில் தேசிய நேர்மைத் திட்டமும் மலேசிய நேர்மைக் கழகமும் வந்தபோது 'இன்டெக்ரிதி' அரசாங்கச் சொல்லானது. 2009இல் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், அதாவது 694ஆம் சட்டம், வந்தது. பின்னால் அதில் 17ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் லாபத்துக்காக அதன் ஆள் ஒருவர் லஞ்சம் கொடுத்தால் கம்பெனியும் குற்றவாளி, கொடுத்ததைப் போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம், அல்லது இருபது வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்திருந்தோம் என்று கம்பெனி நிரூபித்தால் தப்பலாம். உறுதிமொழி, பயிற்சி, புகார் சொல்ல வழி எல்லாம் அந்த ஏற்பாட்டின் பகுதிகள். தோட்ட ஆலை வரைக்கும் இந்தப் பேப்பர் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். நல்ல விஷயம்தான், ஆனால் இதனால் ஒரு குறுக்கம் வந்துவிட்டது. இன்டெக்ரிதி என்றால் லஞ்சம் வாங்காமல் கொடுக்காமல் இருப்பது என்று எல்லாரும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அது அந்தச் சொல்லின் ஒரு மூலை மட்டும்.

'அமானா' அரபியிலிருந்து மலாய்க்கு வந்தது, நம் ஊர் தமிழ் முஸ்லிம்கள் 'அமானிதம்' என்பார்களே, அதே வேர், ஒப்படைக்கப்பட்ட பொருள். உன்னை நம்பிக் கொடுத்ததை நீ எப்படிக் காத்தாய் என்று அந்தச் சொல் கேட்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த சொல், இன்டெக்ரிதி வந்ததும் அது பின்னால் போனதில் வருத்தமும் உண்டு.

இப்போது நம் சொற்கள். 'நேர்மை'யில் இருப்பது நேர், கோணலுக்கு எதிர். செங்கோல், கொடுங்கோல், கோடாமை என்று தமிழ் ஒழுக்கத்தைப் பெரும்பாலும் கோடு வளைகிறதா நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்து வந்திருக்கிறது. முழுமையை வைத்துப் பார்த்த ஒரு சொல்லும் உண்டு, அது 'சால்பு'. 'சால்' என்றால் நிறைதல், 'சாலச் சிறந்தது' என்று திருமண மேடையில் இன்றும் பேசுகிறோமே, அந்தச் சால்தான். நிறைந்திருப்பது சால்பு, நிறைந்தவர் சான்றோர், அந்தத் தன்மை சான்றாண்மை. திருக்குறளில் 99ஆவது அதிகாரம் முழுக்க இதற்குத்தான். "அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு / ஐந்துசால்பு ஊன்றிய தூண்" என்று 983ஆம் குறள் சொல்கிறது. வாய்மை அங்கே ஐந்து தூண்களில் ஒன்று, பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் சால்பு நிற்காது. சங்கப் பாட்டில் சில இடங்களில் சான்றோர் என்பது வீரரைக் குறிக்கிறதா, பண்பாளரைக் குறிக்கிறதா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு, குறளில் அந்தக் குழப்பம் இல்லை. லத்தீன்காரர்கள் 'முழுசு' என்பதிலிருந்து குணத்துக்கு வந்தார்கள், தமிழில் 'நிறைவு' என்பதிலிருந்து குணத்துக்கு வந்தோம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, மனிதர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, சால்பு புத்தகத்தில் இருக்கிறது. தோட்டத்தில் என்ன சொன்னார்கள்? நாணயம். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் வாயில் 'நாணயமான ஆளு' வந்த அளவுக்கு 'நேர்மையான ஆளு' வந்திருக்காது. காசுக்கும் குணத்துக்கும் ஒரே சொல். வடமொழியில் காசுக்கு 'நாணக' என்று பெயர், அங்கிருந்து வந்தது என்கிறது தமிழ்ப் பேரகராதி, நாவின் நயம் என்பதெல்லாம் பிற்பாடு செய்த சொல் விளையாட்டு. கடைக்காரர் 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி அரிசி, சீனி கொடுத்தார், சம்பள நாளில் யார் தானாக வந்து கணக்குத் தீர்த்தாரோ அவர் நாணயமானவர். தீபாவளிக்கூட்டுப் பணத்தை வைத்திருந்து சரியாகப் பிரித்துக் கொடுத்த அம்மா நாணயமானவர். ஒருமுறை சாட்சிக் கூண்டில் நின்ற வயதான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரிடம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 'ஜுஜோர்' ஆனவரா, அதாவது நேர்மையானவரா, என்று வழக்கறிஞர் மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டதும் அவர், "நாணயமான ஆளுதாங்க, ஆனா எல்லாத்தையும் சொல்ல மாட்டாரு" என்றார். ஒரு வரியில் இரண்டு குணத்தையும் பிரித்துவிட்டார். நான் அதை 'ஜுஜோர்' என்று ஒரே சொல்லில் சுருக்காமல், பண விஷயத்தில் நம்பலாம், ஆனால் எல்லாவற்றையும் வெளியே சொல்லமாட்டார் என்று மலாயில் சொன்னேன், நீதிபதி அப்படியே குறித்துக்கொண்டார்.

அவர் பிரித்த இடத்தில்தான் இன்டெக்ரிட்டி நாணயத்தையும் நேர்மையையும் தாண்டுகிறது. சாட்சி சொல்வதற்கு முன் உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று மூன்று தடவை சொல்ல வைப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பொய் கலக்காத பாதி உண்மையால் ஓர் ஆளைச் சிறைக்கு அனுப்பிவிட முடியும், அதனால் 'முழு' என்ற சொல் அங்கே வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்கே வருவோம். பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் கருவியை வாளியில் மிதக்கவிட்டுக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலில் உள்ள ரப்பர் அளவைப் படிப்பார், அதை வைத்துத்தான் கூலி. வெட்டியவர் அந்தக் கோட்டைக் குனிந்து பார்ப்பதில்லை, பார்த்தாலும் எதிர்த்துக் கேட்பது கஷ்டம். ஒரு கிராணி சரியாகப் படிக்கிறார், ஒரு காசு வாங்குவதில்லை, யாரிடமும் பொய் சொல்வதில்லை. பக்கத்து மேசைக்காரர் தினமும் அளவைக் குறைத்து எழுதுவது அவருக்குத் தெரியும், மாசக் கடைசியில் இரண்டு கணக்கையும் சேர்த்து அவரே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். இவர் லஞ்சம் வாங்கவில்லை, ஊர் இவரை நாணயமானவர் என்றே சொல்லும், தன் மேசையில் நேராகவும் இருக்கிறார். ஆனாலும் இவரிடம் இன்டெக்ரிட்டி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததற்கும் அவர் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு விரிசல் இருக்கிறது. பாதிக்கப்பட்டது யார் என்றால், விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடியவர்கள். இந்த மாதிரி ஆட்களைச் சாட்சிக் கூண்டில் நிறைய பார்த்திருக்கிறேன், கெட்டவர்கள் இல்லை, கேட்காததைச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு எத்தனை குடும்பம் விலை கொடுத்தது என்று தெரிந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். வேரில் 'முழுமை' இருக்கிறது என்பதால் இன்றைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்று ஆகாது. சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது புழக்கம். வேர் தெரிந்தால் புழக்கத்தில் மங்கிப்போன பக்கம் கண்ணில் படும், அதற்கு மேல் வேருக்கு அதிகாரம் இல்லை. அதனால் உங்கள் அப்பா நேர்மை போதும் என்று சொன்னால் அவரைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு கிராணிகள் கதையைச் சொல்லி, முதல் ஆள் எப்படிப்பட்டவர் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் சொல் என்னுடையதைவிட நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு.

பலகையில் ஒட்டுவதைப் பொறுத்தவரை, தலைப்புக்கு 'நேர்மை உறுதிமொழி' என்றே விடுங்கள். எல்லாருக்கும் புரியும், இதழ்களிலும் அதுதான் வழக்கம். சால்பு என்று போட்டால் படிக்கிறவர் யாரையாவது கூப்பிட்டு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கும். மேலே நான் சொன்ன முழுமை பற்றிய விளக்கத்தை உறுதிமொழிக்குள் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். மக்கள் கையெழுத்துப் போடும் பத்திரம் அது, மலாயில் இல்லாத ஒரு கடமையைத் தமிழில் ஏற்றுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. விளக்கத்தைக் கூட்டத்தில் வாயால் சொல்லலாம். மலாய் மூலத்தில் 'ரசுவா' வரும் இடத்தில் கையூட்டு என்று போடாமல் லஞ்சம் என்றே போடுங்கள். 'சுவாப்பான்' வந்தால் கவனம், 694ஆம் சட்டத்தில் அது பணத்தை மட்டும் குறிக்கவில்லை, அன்பளிப்பு, வேலை, கடன் தள்ளுபடி, சலுகை எல்லாம் அதில் அடங்கும், 'பணம்' என்று மட்டும் எழுதினால் தீபாவளிக் கூடை வாங்கியவர் நான் மீறவில்லையே என்பார். 'பணமோ பொருளோ சலுகையோ' என்று எழுதுங்கள். கடைசியில் சின்ன எழுத்தில், சந்தேகம் வந்தால் மலாய் மூலமே முடிவானது என்று ஒரு வரி சேர்த்து, ஒட்டுவதற்கு முன் மேலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெரிலைசர் அறிக்கையையும் தமிழில் கேட்டால் அங்கே நேர்மை வரக்கூடாது, 'பழுதில்லாத நிலை' என்று எழுதினால் சரியாக இருக்கும்.